யூபிளாக் ஒரிஜின் இருந்தும் விளம்பரம் வருதா? லிஸ்ட் அப்டேட் ஆகாம எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கிற வழி

போன வாரம் சித்தப்பா ஃபோன் பண்ணி, "டேய், நீ போட்டுக் குடுத்த அந்த சிவப்புக் கேடயம் வேலை செய்யலடா, விளம்பரமா வந்து கொட்டுது, அதான் தூக்கிட்டு புதுசா போட்டேன், இப்பவும் வருது"ன்னாரு. கேடயம்னு அவர் சொல்றது யூபிளாக் ஒரிஜினத்தான், பிரவுசர்ல விளம்பரத்த தடுக்கற எக்ஸ்டென்ஷன். தூக்கிட்டு போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன்னா அவருக்காக நான் கையால எழுதி வெச்சிருந்த பத்து பன்னண்டு ஃபில்டரும் (எத தடுக்கணும்னு சொல்ற வரிங்க) அதோட சேர்ந்து போயிடுச்சு.

இதுல நிறைய பேருக்கு புரியாத விஷயம் என்னன்னா, எக்ஸ்டென்ஷன் வேற, அது வெச்சிருக்கற லிஸ்ட் வேற. வாசல்ல வாட்ச்மேன் நிக்கறாரு, யார உள்ள விடக்கூடாதுன்னு ஒரு பேப்பர் அவர் கையில இருக்கு. வாட்ச்மேன மாத்தினா பேப்பர் புதுசாயிடாது. இன்னும் சொல்லப்போனா யூபிளாக் ஒரிஜின தூக்கிட்டு மறுபடி போட்டா, அந்த வெர்ஷன் ரிலீஸ் ஆனப்போ கூடவே கட்டி அனுப்பின லிஸ்ட்டத்தான் முதல்ல எடுத்துக்கும், அப்புறமா கொஞ்ச நேரம் கழிச்சுதான் நெட்ல இருந்து புதுச இழுக்கும். அதாவது நேத்து அப்டேட் ஆன லிஸ்ட்ட தூக்கிப் போட்டுட்டு ரெண்டு மாசம் பழைய லிஸ்ட்ல இருந்து ஆரம்பிக்கறீங்க.

அதனால எதையும் தொடறதுக்கு முன்னாடி டாஷ்போர்ட (எங்க இருக்குன்னு கீழ சொல்றேன்) திறந்து செட்டிங்ஸ்ல "பேக்கப் டு ஃபைல்" அமுக்கி ஒரு காப்பி எடுத்து வெச்சிடுங்க. அஞ்சு செகண்ட் வேலை.

முதல்ல, நிஜமாவே பழசான்னு பாருங்க

கேடயத்த அமுக்கினா கீழ பல்சக்கரம் மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அதுதான் டாஷ்போர்ட். அதுல "சப்போர்ட்"னு ஒரு டேப் இருக்கு, யாரும் அந்தப் பக்கம் போறதே இல்ல, ஆனா தேவையானது எல்லாம் அங்கதான் இருக்கு. கீழ ஒரு பெட்டி மாதிரி டெக்ஸ்ட் வரும், அதுல ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் நேரா எத்தனை ஃபில்டர் ஏறியிருக்கு, கடைசியா அப்டேட் ஆகி எத்தனை நாள் எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு வரும். உங்க சொந்த ஃபில்டருக்கு நேரா "நெவர்"னு இருந்தா பயப்படாதீங்க, அது எங்கிருந்தும் டவுன்லோட் ஆகற லிஸ்ட் இல்ல.

இங்க இன்னொன்னு. லிஸ்ட் ரெண்டு மூணு நாள் பழசா இருக்கறது கோளாறே இல்ல. ஒவ்வொரு லிஸ்ட்டோட தலையிலயும் இது எத்தனை நாளைக்கு செல்லும்னு ஒரு வரி எழுதியிருப்பாங்க, நிறைய பிளாக்கருங்க அடிப்படையா வெச்சிருக்கற ஈஸிலிஸ்ட்டுக்கு ரொம்ப காலமா 4 நாள். யூபிளாக்கோட சொந்த லிஸ்ட்டுங்க கொஞ்சம் வேகம், அதுலயும் "குவிக் ஃபிக்ஸஸ்"னு ஒன்னு இருக்கு, அது மணிக்கணக்குல மாறும். 2023 கடைசில இருந்து இதுக்கெல்லாம் முழு லிஸ்ட்டையும் இழுக்காம, மாறின வரிய மட்டும் சின்னத் துண்டா இழுக்கற ஏற்பாடும் வந்துடுச்சு. ஆக, ஈஸிலிஸ்ட் 2 நாள்னு இருந்தா விட்டுடுங்க. குவிக் ஃபிக்ஸஸ் 9 நாள்னு இருந்தா அப்போ பிரச்சினை இருக்கு, கீழ படிங்க.

"அப்டேட் நவ்" பட்டன் மங்கலா இருக்கு, அமுக்கவே முடியல

இது பழுது இல்ல. எல்லா லிஸ்ட்டும் இன்னும் காலாவதி ஆகலன்னு அது நினைக்குது, அதனால பட்டன அணைச்சு வெச்சிருக்கு. ஃபில்டர் லிஸ்ட்ஸ் டேப்ல லிஸ்ட் பேருக்குப் பக்கத்துல குட்டியா ஒரு கடிகாரம் இருக்கும். மவுஸ மேல வெச்சா எப்போ அப்டேட் ஆச்சுன்னு சொல்லும், அமுக்கினா அந்த ஒரு லிஸ்ட்டோட பழைய காப்பிய செல்லாதுன்னு ஆக்கிடும். உடனே "அப்டேட் நவ்" உயிர் பெறும். அமுக்குங்க, சுத்தும், முடிஞ்சது.

சில வெர்ஷன்ல "பர்ஜ் ஆல்"னு ஒரு பட்டனும் பக்கத்துலயே இருக்கும், எல்லாத்தையும் ஒரேயடியா துடைச்சிடும். கை பரபரக்கும், ஆனா தினமும் அத அமுக்கற பழக்கம் வேணாம். 2022ல ஈஸிலிஸ்ட் சர்வர் கிட்டத்தட்ட படுத்தே போச்சு. காரணம் என்னன்னா பராமரிப்பு இல்லாம கிடந்த ஒரு ஆண்ட்ராய்டு பிரவுசர், திறக்கறப்போ எல்லாம் முழு லிஸ்ட்டையும் மறுபடி மறுபடி டவுன்லோட் பண்ணிட்டு இருந்துச்சு, அத வெச்சிருந்தவங்கள்ல நிறைய பேர் நம்ம இந்தியாக்காரங்க. சும்மா சேவையா லிஸ்ட் எழுதறவங்க தலையில அந்த பாரம் மொத்தமும் விழுந்துச்சு. ஒரு லிஸ்ட்ல சந்தேகம்னா அந்த ஒரு கடிகாரத்த மட்டும் அமுக்குங்க போதும்.

அமுக்கினா சுத்துது, ஆனா எச்சரிக்கை ஐகான் வருது, லிஸ்ட் பழசாவே நிக்குது

இங்கதான் நிஜமான வேலை இருக்கு. லிஸ்ட் இருக்கற இடத்துக்கு உங்க கம்ப்யூட்டரால போக முடியல, அவ்ளோதான் அர்த்தம். ஏன் போக முடியலங்கறதுக்கு நாலஞ்சு காரணம் இருக்கலாம், நான் எப்பவும் முதல்ல பண்றது ஒன்னுதான், வீட்டு வைஃபைய கழட்டிட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்ல போட்டு மறுபடி அப்டேட் அமுக்கிப் பாக்கறது. ஹாட்ஸ்பாட்ல ஏறிடுச்சுன்னா கம்ப்யூட்டர் மேல தப்பு இல்ல, கனெக்‌ஷன் மேலதான் தப்பு.

கனெக்‌ஷன்னா எப்படின்னு கேட்டா, நிறைய லிஸ்ட் கிட்ஹப்போட (ப்ரோகிராம் கோப்புங்கள போட்டு வைக்கற சைட்) "ரா" முகவரியில இருந்துதான் வருது, அதாவது கோப்ப அலங்காரம் இல்லாம வெறும் டெக்ஸ்ட்டா தர்ற முகவரி. 2023 வாக்குல இந்தியாவுல சில இன்டர்நெட் கனெக்‌ஷன்ல அந்த முகவரி மட்டும் திறக்காம இருந்துச்சு, கிட்ஹப் மெயின் பக்கம் ஜம்முனு திறக்கும், ரா முகவரி மட்டும் வராது, பாக்கறவங்களுக்கு தலையும் புரியாது வாலும் புரியாது. யூபிளாக்குல சேர்ந்தே வர்ற லிஸ்ட்டுங்களுக்கு ஒரு இடம் இல்லன்னா இன்னொரு இடத்துல இருந்து எடுக்கற மாற்று வழி இருக்கு, அதனால அதுங்க பெரும்பாலும் தப்பிச்சிடும். நீங்களா லிங்க் போட்டு சேர்த்த லிஸ்ட்டுங்களுக்கு அந்த வசதி கிடையாது, மாட்டிக்கும். இந்த மாதிரி இருந்தா ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸ்ல பிரைவசி பகுதிக்குப் போயி டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் (சைட் எங்க இருக்குன்னு தேடறத மறைச்சு அனுப்பற வசதி) ஆன் பண்ணிப் பாருங்க, சில கனெக்‌ஷன்ல அதுவே போதும், சிலதுல போதாது.

ஆஃபீஸ் லேப்டாப்னா நெட்ட வடிகட்டற ப்ராக்ஸி தடுக்கலாம், அத நீங்க ஒன்னும் பண்ண முடியாது, ஐடி ஆளுங்ககிட்ட கேட்டுக்கோங்க. ஆன்டிவைரஸ் எச்டிடிபிஎஸ் ஸ்கேன் பண்ற மாதிரி வெச்சிருந்தாலும் சில சமயம் இடிக்கும். வீட்டு ரவுட்டர்லயோ பை-ஹோல்லயோ (வீட்டு நெட்வொர்க் முழுக்க விளம்பரத்த தடுக்கற சாஃப்ட்வேர்) தனியா பிளாக் லிஸ்ட் ஓடுதுன்னா, அதுவே இந்த லிஸ்ட்டோட முகவரிய அடைச்சிருக்கலாம், ரெண்டு வாட்ச்மேன் ஒருத்தர ஒருத்தர் உள்ள விடாம நிக்கற கதை.

இப்போ சித்தப்பா கதைக்கு வரேன். ரொம்ப நேரம் ஃபோன்லயே குடைஞ்சு பாத்தேன், ஹாட்ஸ்பாட்டும் போட்டாச்சு, ம்ஹூம். கடைசில "வேற ஏதாவது சைட் திறக்காம இருக்கா"ன்னு கேட்டா, "பேங்க் சைட்டு கூட ஏதோ பாதுகாப்பு இல்லன்னு சொல்லுதுடா"ன்னாரு. அப்பவே பொறி தட்டுச்சு, "கீழ வலது மூலையில தேதி என்ன காட்டுது"ன்னு கேட்டேன். 2009 ஜனவரி! பழைய டெஸ்க்டாப், மதர்போர்டுல இருக்கற சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துப் போச்சு, கரண்ட் கட் ஆகி வர்றப்போ எல்லாம் கடிகாரம் பிறந்த தேதிக்குப் போயிடுது. தேதி தப்பா இருந்தா பாதுகாப்பு சர்டிஃபிகேட் எதுவும் செல்லாது, எச்டிடிபிஎஸ் கனெக்‌ஷன் விழாது, லிஸ்ட் எப்படி இறங்கும். ஐம்பது ரூபாய்க்குள்ள ஒரு பேட்டரி, மாத்திட்டு தேதிய சரி பண்ணி, இந்த இடத்துல மட்டும் ஒரே ஒரு தடவை பர்ஜ் ஆல் அமுக்கி அப்டேட் பண்ணச் சொன்னேன். ஏன் பர்ஜ்னா, அப்டேட் எப்போ ஆச்சு, எப்போ காலாவதிங்கற கணக்கெல்லாம் இந்தக் கடிகாரத்த வெச்சுதான் ஓடுது, கடிகாரம் குழம்பினா கணக்கும் குழம்பும், துடைச்சிட்டு புதுசா ஆரம்பிக்கறது நல்லது.

மத்த லிஸ்ட் எல்லாம் சரி, நான் சேர்த்த ஒன்னு மட்டும் மாசக்கணக்கா அசையல

பெரும்பாலும் லிங்க் தப்பு. கிட்ஹப்ல ஒரு கோப்ப திறந்தா மேல தெரியற முகவரி வெப்பேஜோட முகவரி, அத அப்படியே காப்பி பண்ணி இம்போர்ட்ல ஒட்டினா உள்ள வர்றது லிஸ்ட் இல்ல, பக்கத்தோட எச்டிஎம்எல். "ரா"ங்கற பட்டன அமுக்கி, வெள்ளைப் பக்கத்துல வெறும் எழுத்தா வருதே, அந்த முகவரியத்தான் போடணும். ஃபில்டர் எண்ணிக்கை 0ன்னு காட்டுச்சுன்னா முதல் சந்தேகம் இதுலதான் வரணும்.

இன்னொன்னு, முன்னாடி வேலை செஞ்ச லிங்க்கே இப்போ செத்திருக்கலாம். 2020 அக்டோபர்ல இருந்து கிட்ஹப்ல புதுசா ஆரம்பிக்கற ப்ராஜெக்ட்டுக்கு முதன்மைக் கிளையோட பேரு "மாஸ்டர்"ல இருந்து "மெயின்"னு மாறுச்சு, அந்தப் பேரு லிங்க்லயும் வரும். பழைய ப்ராஜெக்ட்காரங்களும் நிறைய பேரு பின்னாடியே மாத்திக்கிட்டாங்க. லிங்க்ல மாஸ்டர்னு இருந்தா அத மெயின்னு மாத்தி பிரவுசர்ல திறந்து பாருங்க. திறந்தா மேல "லாஸ்ட் மாடிஃபைட்" இல்லன்னா "வெர்ஷன்"னு ஒரு வரி இருக்கும், அதுல தேதி 2021ன்னு நின்னு போயிருந்தா உங்க அப்டேட்ல கோளாறு இல்ல, எழுதறவரே விட்டுட்டாரு. அந்த மாதிரி லிஸ்ட்ட வெச்சுக்கிட்டு இருக்கறதுல லாபமே இல்ல, சில சமயம் சைட்ட ஒடைக்கறதே அதுதான், தூக்கிடுங்க.

லிஸ்ட் எல்லாம் புதுசு, ஆனா யூடியூப்ல மட்டும் விளம்பரம் வருது இல்லன்னா "ஆட் பிளாக்கர எடு"ன்னு மிரட்டுது

2023 அக்டோபர் வாக்குல இருந்து இது ஒரு ஆடு புலி ஆட்டம். அவங்க ஒன்ன மாத்துவாங்க, ஃபில்டர் எழுதறவங்க சில மணி நேரத்துல பதிலுக்கு மாத்துவாங்க, சில நாள் ஒரே நாள்ல நாலு தடவை கூட. அதனால இங்க முக்கியம் குவிக் ஃபிக்ஸஸ் லிஸ்ட் ஒன்னுதான். அதுக்குப் பக்கத்துல கடிகாரத்த அமுக்கி, அப்டேட் குடுத்து, யூடியூப் டேப் எல்லாத்தையும் மூடிட்டு மறுபடி திறங்க. ஏற்கனவே திறந்து வெச்சிருக்கற பக்கம் பழைய ஸ்க்ரிப்ட்டோடவே ஓடிட்டு இருக்கும்.

அப்பவும் வருதுன்னா லிஸ்ட்டோட வயச விட்டுட்டு மத்தத பாருங்க. கூடவே இன்னொரு ஆட் பிளாக்கர் ஓடுதா? ரெண்டு இருந்தா ரெட்டிப்பு பாதுகாப்புன்னு நினைக்கறாங்க, நடக்கறது என்னமோ ஒன்னு பண்றத இன்னொன்னு கெடுக்கறதுதான். அப்புறம் "மை ஃபில்டர்ஸ்" டேப்ப திறந்து பாருங்க, 2023ல யாரோ சொன்னாங்கன்னு நாலு வரி ஒட்டி வெச்சிருப்பீங்க, அன்னைக்கு அது வேலை செஞ்சிருக்கும், இன்னைக்கு அதுவே உங்கள காட்டிக் குடுக்கும். அந்த டேப்ல இருக்கறது தானா அப்டேட் ஆகாது. வரிக்கு முன்னாடி ஒரு ஆச்சரியக்குறி போட்டு அப்ளை குடுத்தா அந்த வரி தூங்கிடும், அழிக்க மனசு வராதவங்களுக்கு இந்த வழி.

இதெல்லாம் பண்ணியும் வந்தா ரெண்டு மணி நேரம் சும்மா இருங்க. நிஜமா சொல்றேன், வேற வழி இல்ல.

பிரவுசர் திறந்ததும் முதல் டேப்ல மட்டும் விளம்பரம்

லிஸ்ட் மெமரில ஏறறதுக்குள்ள பக்கம் லோட் ஆயிடுது. ஃபில்டர் லிஸ்ட்ஸ் டேப்ல மேலயே, எல்லா லிஸ்ட்டும் ஏறற வரைக்கும் நெட்வொர்க்க நிறுத்தி வைக்கச் சொல்ற டிக் பாக்ஸ் ஒன்னு இருக்கு, அத டிக் பண்ணிடுங்க.

அப்டேட் ஆகுது, ஆனா மூடித் திறந்தா பழையபடி பழசு

இறக்கின லிஸ்ட்ட எழுதி வைக்க இடம் இல்லன்னு அர்த்தம். டிஸ்க் நிரம்பி வழியுதான்னு பாருங்க, "பிசி கிளீனர்" வகையறா சாஃப்ட்வேர் எதுவும் பிரவுசர் ஃபோல்டர துடைக்குதான்னு பாருங்க. பிரவுசிங் சென்டர்லயும் காலேஜ் லேப்லயும் ரீஸ்டார்ட் பண்ணினா முதல் நாள் நிலைக்கே திரும்பற மாதிரி செட் பண்ணி வெச்சிருப்பாங்க, அங்க தலைகீழா நின்னாலும் லிஸ்ட் தங்காது. சோதிக்கறதுக்கு சுலபமான வழி, மை ஃபில்டர்ஸ்ல ஒரு ஆச்சரியக்குறி போட்டு உங்க பேர எழுதி அப்ளை பண்ணிட்டு பிரவுசர மூடித் திறங்க, பேரு காணாம போயிருந்தா ஸ்டோரேஜ்தான் குற்றவாளி. ஃபயர்ஃபாக்ஸ்னா புது ப்ரொஃபைல் ஒன்னு உருவாக்கி அதுல போட்டுப் பாருங்க, அங்க தங்குச்சுன்னா பழைய ப்ரொஃபைல் கெட்டுப் போயிருக்கு, பேக்கப் ஃபைல அங்க ரெஸ்டோர் பண்ணிக்கிட்டு குடி மாறிடுங்க.

குரோம்ல எக்ஸ்டென்ஷனே காணோம், "லைட்" போட்டேன், அதுல அப்டேட் பட்டனே இல்ல

குரோம் மேனிஃபெஸ்ட் வி2ங்கற, எக்ஸ்டென்ஷன் எழுதற பழைய முறைய 2024ல இருந்து படிப்படியா நிறுத்திடுச்சு. கம்பெனிங்களுக்கு குடுத்திருந்த சலுகையும் 138ஆவது வெர்ஷனோட முடிஞ்சுது. அதனால குரோம்ல முழு யூபிளாக் ஒரிஜின் இனி ஓடாது, எத்தனை தடவை ஆன் பண்ணாலும் அணைஞ்சிடும். யூபிளாக் ஒரிஜின் லைட்டும் முழு யூபிளாக்க எழுதின ரேமண்ட் ஹில் எழுதினதுதான், ஆனா உள்ள கட்டுமானம் வேற. லிஸ்ட்ட எல்லாம் முன்னாடியே விதிகளா மாத்தி எக்ஸ்டென்ஷனுக்குள்ளயே வெச்சு பூட்டி அனுப்பிடறாங்க, தனியா லிஸ்ட் மட்டும் இறங்காது. ஆக அங்க லிஸ்ட்ட புதுப்பிக்கணும்னா எக்ஸ்டென்ஷனத்தான் புதுப்பிக்கணும். மேல நான் வாட்ச்மேன் வேற பேப்பர் வேறன்னு சொன்னேன்ல, லைட்ல மட்டும் அது செல்லாது, பேப்பர வாட்ச்மேன் சட்டையிலயே தெச்சு வெச்சிருக்காங்க.

குரோம் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாவே பாத்துக்கும். அவசரம்னா எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்துக்குப் போயி வலது மேல மூலையில டெவலப்பர் மோட ஆன் பண்ணுங்க, "அப்டேட்"னு ஒரு பட்டன் முளைக்கும். ஃபயர்ஃபாக்ஸ்ல ஆட்-ஆன்ஸ் பக்கத்துல பல்சக்கரத்த அமுக்கி "செக் ஃபார் அப்டேட்ஸ்". அப்பவும் வெர்ஷன் நம்பர் மாறலன்னா ரெண்டு விஷயம் பாருங்க. ஒன்னு, புது வெர்ஷன் கூடுதலா ஏதாவது அனுமதி கேட்டா குரோம் நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் எக்ஸ்டென்ஷன அணைச்சே வெச்சிருக்கும், மெனுல சின்னதா ஒரு குறிப்பு மட்டும் வரும், கண்ணுல படாது. ரெண்டு, எண்பது டேப் திறந்து வெச்சுக்கிட்டு மாசக்கணக்கா பிரவுசர மூடாத ஆளா நீங்க? இறங்கின அப்டேட் உள்ள ஏற வழி இல்லாம வாசல்லயே நிக்கும், ஒரு தடவை முழுசா மூடித் திறங்க.

பழைய விண்டோஸ் 7, ஃபயர்ஃபாக்ஸ்ல ஒரே நாள்ல எல்லா ஆட்-ஆனும் செத்துப் போச்சு

அது லிஸ்ட் விவகாரமே இல்ல. ஆட்-ஆன் அசல்தானான்னு பாக்கற ஃபயர்ஃபாக்ஸ் ரூட் சர்டிஃபிகேட் 2025 மார்ச் 14ஆம் தேதி காலாவதி ஆச்சு. ஃபயர்ஃபாக்ஸ் 128க்கும் கீழ இருக்கறவங்க, இஎஸ்ஆர்னா (நீண்ட காலம் ஆதரவு தர்ற பதிப்பு) 115.13க்கும் கீழ இருக்கறவங்க எல்லாரும் மாட்டினாங்க. விண்டோஸ் 7க்கு கடைசியா கிடைக்கிறது இஎஸ்ஆர் 115 வரிசைதான், அதுல இருக்கறதுலயே புதுச ஏத்திக்கோங்க, ஆட்-ஆன் தானா உயிரோட வரும். 2019 மே 4ஆம் தேதியும் இதே மாதிரி ஒரு கூத்து நடந்துச்சு, அப்போ உலகம் முழுக்க நிறைய பேருக்கு அணைஞ்சது, ரெண்டாவது தடவை முன்கூட்டியே அறிவிச்சாங்க.

வீட்டு கம்ப்யூட்டர்ல போட்ட ஃபில்டர் ஆஃபீஸ்ல வரல

செட்டிங்ஸ்ல கிளவுட் ஸ்டோரேஜ் ஆன் பண்ணினா தானா ஒத்துப்போயிடும்னு நினைக்காதீங்க. அது ஒரு மேகத்த மட்டும் காட்டும், இங்க ஏத்தற பட்டன அமுக்கணும், அங்க போயி இறக்கற பட்டன அமுக்கணும், ரெண்டும் கையாலதான். பிரவுசர் சிங்க் குடுக்கற இடமும் 100 கேபி வாக்குலதான், மை ஃபில்டர்ஸ்ல புராணம் எழுதி வெச்சிருந்தா ஏறாது. எனக்கு பேக்கப் ஃபைல மெயில்ல எனக்கே அனுப்பிக்கறதுதான் நிம்மதி.

ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ்ல ஓடுதே அங்கயும் இதே யூபிளாக்தான், ஆனா ஃபோன்ல பிரவுசர ரெண்டு நிமிஷம் திறந்து மூடறவங்களுக்கு அப்டேட் ஆக நேரமே கிடைக்காது, திறந்ததும் உடனே ஆரம்பிக்காது, கொஞ்சம் தள்ளிதான் ஆரம்பிக்கும், பின்னாடி போனதும் ஃபோன் கொன்னுடும். வாரம் ஒரு தடவை வைஃபைல இருக்கறப்போ டாஷ்போர்ட திறந்து அப்டேட் குடுத்துட்டு, முடியற வரைக்கும் அந்தப் பக்கத்துலயே இருங்க.

இத்தனைக்கும் மசியலன்னா யார்கிட்டயாவது கேக்கப் போறீங்க, அப்போ "விளம்பரம் வருது, உதவி பண்ணுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. அந்த சப்போர்ட் டேப்ல இருக்கற டெக்ஸ்ட்ட அப்படியே காப்பி பண்ணி ஒட்டுங்க, பிரவுசர் வெர்ஷன், லிஸ்ட் வயசு, நீங்க கூடுதலா சேர்த்தது எல்லாம் அதுலயே இருக்கு. ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணால ஓட்டிப் பாத்துடுங்க, நீங்களா டிரஸ்ட்டட் சைட்ஸ்ல (தடுக்க வேணாம்னு விட்ட சைட்டுங்க) சேர்த்த சைட் பேரெல்லாம் கூட அதுல வரும்.